எதிரே வரும் மியாட்டாவுக்குக் கை காட்டுவது எப்படி?

போன வருடம் நண்பர் ஒருவர் பழைய மஸ்தா மியாட்டா ஒன்றை வாங்கினார். கூரையைத் திறந்துகொள்ளும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார் அது. அமெரிக்காவில் சார்லட் நகரில் ஐ.டி. வேலை, இரண்டு பிள்ளைகள், வீட்டில் ஏற்கெனவே ஏழு பேர் உட்காரும் வண்டி இருக்கிறது. இது அவருடைய சொந்த ஆசைக்காக வாங்கியது. ஒரு வாரம் கழித்து போன் செய்தார். "அண்ணா, ரோட்ல எதிர்ல வர்றவங்க எனக்குக் கை காட்டிட்டே போறாங்க. டயர்ல காத்து இல்லையோ, டிக்கி தெறந்திருக்கோன்னு ரெண்டு தடவை ஓரங்கட்டி இறங்கிப் பார்த்துட்டேன்."

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. நம் ஊரில் எதிரே வருபவர் கை காட்டினால் சைடு ஸ்டாண்டை எடுக்கவில்லை, பகலில் லைட் எரிகிறது, சேலை சக்கரத்தில் மாட்டப் போகிறது என்று ஏதாவது ஒரு காரணம் இருக்கும். காரணமே இல்லாமல், முன்பின் தெரியாதவர், அதே வகைக் கார் வைத்திருக்கிறார் என்பதற்காக மட்டும் கை காட்டுவது நமக்குப் புதிது. அமெரிக்காவில் அது எழுபது வருடத்துக்கும் மேலான வழக்கம். அந்த நண்பருக்குப் போனில் சொன்னதையும், அப்புறம் நேரில் வண்டியில் உட்கார வைத்துக் காட்டியதையும் இங்கே எழுதுகிறேன். நான் ஓட்டுவது 1994 மியாட்டா. ஓட்டுவது வட கரோலினா மலைப் பக்கம். அதனால் சொல்வதெல்லாம் அந்த வண்டியையும் அந்தச் சாலைகளையும் வைத்துத்தான்.

முதலில் இது எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால் எப்படிச் செய்வது என்பது பாதி புரிந்துவிடும். இரண்டாம் உலகப் போர் முடிந்த 1945-இல் இங்கிலாந்தின் அபிங்டன் ஊரில் எம்.ஜி. நிறுவனம் டி.சி. என்ற சின்னஞ்சிறு இரண்டு இருக்கைக் காரைச் செய்யத் தொடங்கியது. மொத்தமே சுமார் பத்தாயிரம் வண்டிகள். அவற்றில் இரண்டாயிரம் போல அமெரிக்காவுக்கு வந்தன, அதுவும் வலப்பக்க ஸ்டீயரிங்கோடு. 1953-இல் செவ்ரலே நிறுவனம் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் காரை முதலில் வெளியிட்டபோது அந்த வருடம் செய்தது 300 வண்டிகள்தான். எல்லாமே வெளியே வெள்ளை, உள்ளே சிவப்பு. இவ்வளவு பெரிய தேசத்தில் தன்னுடையதைப் போலவே இன்னொரு வண்டி எதிரே வந்தால் எப்படி இருந்திருக்கும்? வெளியூர்ச் சந்தையில் சொந்த ஊர்க்காரர் கண்ணில் பட்ட மாதிரிதான். கை தானாக உயர்ந்திருக்கும். அந்தக் காலத்து வண்டிகள் நடுவழியில் நிற்பதும் சகஜம். நின்றால் உதவத் தெரிந்தவர் அதே வண்டிக்காரர்தான் என்பதால், காட்டிய கையில் "நின்றுபோனால் நான் நிறுத்துவேன்" என்ற ஒரு சொல்லும் இருந்தது. என்னைப் பொறுத்தவரை இன்றைக்கும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

மியாட்டா அரிய வண்டி இல்லை. 1989 பிப்ரவரியில் சிகாகோ கார் கண்காட்சியில் அறிமுகமானது. 2016 ஏப்ரலில் பத்து லட்சமாவது வண்டி ஹிரோஷிமாவில் தயாரானது. இத்தனை வண்டி ஓடியும் வழக்கம் நீடிக்கிறது என்றால் கூரை திறந்திருப்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். மூடிய காரில் எதிரே வருவது ஒரு வண்டி. கூரை திறந்த காரில் எதிரே வருவது ஒரு முகம்.

அடையாளம் காணப் பழகுங்கள்

முதல் இரண்டு வாரம் கை காட்டுவதைப் பற்றிக் கவலைப்படாமல் எதிரே வருவதைத் தூரத்திலேயே அடையாளம் காணப் பழகுங்கள். கணக்கு எளிது. நீங்கள் மணிக்கு 45 மைல், எதிரே வருபவரும் 45 மைல் என்றால் இருவருக்கும் நடுவில் உள்ள தூரம் விநாடிக்கு 132 அடி குறைகிறது. 400 அடி தள்ளி அடையாளம் கண்டால் உங்களுக்குக் கிடைப்பது மூன்று விநாடி. ஒன்று பார்ப்பதற்கு, ஒன்று கையைத் தூக்குவதற்கு, ஒன்று அவர் அதைப் பார்ப்பதற்கு. 150 அடிக்கு வந்த பிறகுதான் கண்டீர்கள் என்றால் விட்டுவிடுங்கள். அவசரமாகத் தூக்கிய கை அவருடைய பின் கண்ணாடியைத்தான் பார்க்கும்.

மியாட்டா முகத்தை இப்படிப் பிடித்துக்கொள்ளலாம். 1989 முதல் 1997 வரை வந்த முதல் தலைமுறைக்குப் பகலில் கண்ணே தெரியாது. ஹெட்லைட் போனட்டுக்குள் மடங்கிக் கிடக்கும். கீழே ஒரு வாய் மட்டும், லேசாகச் சிரித்த மாதிரி. இரண்டாம் தலைமுறையில் மடங்கும் லைட்டை எடுத்துவிட்டு நீள்வட்டக் கண் வைத்தார்கள். 2000-களின் நடுவில் வந்த மூன்றாவது கொஞ்சம் புஷ்டியானது, சக்கரத்துக்கு மேல் தோள் புடைத்திருக்கும். இப்போது விற்பது நான்காவது, கண்ணைச் சுருக்கி முறைக்கிற முகம். நான்கும் உயரத்தில் குட்டை. வரிசையாக வரும் பிக்கப் டிரக்குகளுக்கு நடுவே ஒரு வண்டியின் இடம் மட்டும் காலியாகத் தெரிந்தால் அங்கே பெரும்பாலும் ஒரு மியாட்டா இருக்கும்.

யாருக்குக் காட்டுவது

எல்லாத் தலைமுறை மியாட்டாவுக்கும் காட்டுங்கள். புதுசு பழசு, கீறல் விழுந்தது, வெயிலில் பெயின்ட் வெளுத்தது என்ற பேதம் வேண்டாம். 2016-இல் வந்த ஃபியட் 124 ஸ்பைடர் வந்தாலும் காட்டலாம். அது மியாட்டாவின் அடித்தளத்தில், அதே ஹிரோஷிமா ஆலையில் செய்த வண்டி. பங்காளி முறை. எம்.ஜி.பி., டிரையம்ப் போன்ற பழைய ஆங்கிலேய வண்டிகளுக்கு நான் எப்போதும் முதலில் கை காட்டுவேன். அவர்கள் இந்த வழக்கத்தில் நமக்கு மூத்தவர்கள். ஹோண்டா எஸ்2000, பி.எம்.டபிள்யூ. இசட்3 ஓட்டுபவர்களும் திறந்த கூரையோடு வந்தால் பெரும்பாலும் பதில் காட்டுகிறார்கள். இசட்3 பக்கத்துத் தென் கரோலினாவில் செய்த வண்டி என்பதால் எங்கள் பக்கம் நிறையவே கண்ணில் படும்.

கார்வெட்டுக்காரர்களுக்கு அவர்களுக்குள்ளேயே பலமான வழக்கம் உண்டு. அவர்கள் எதிர்பார்ப்பது இன்னொரு கார்வெட்டை. நீங்கள் காட்டினால் சிலர் பதில் தருவார்கள், சிலர் கவனிக்கவே மாட்டார்கள். ஜீப் ராங்ளர் வைத்திருப்பவர்களுக்கும் அப்படித்தான், தனிக் குடும்பம். மோட்டார் பைக்கில் வருபவர்கள் இடது கையை இடுப்புக்குக் கீழே நீட்டி இரண்டு விரலைக் காட்டிக்கொள்வார்கள். வலது கை ஆக்சிலரேட்டரில் இருப்பதால் அந்தக் கை. அது அவர்களுக்குள் உள்ளது. உங்களைப் பார்த்துக் காட்டினால் பதிலுக்குக் காட்டுங்கள், போதும்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். அவர் காட்டட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று காத்திருக்காதீர்கள். புதிதாக வந்தவர் முதலில் காட்டலாமா என்ற தயக்கம் நம்மவர்களுக்கு நிறைய உண்டு. நிறம், பேச்சு, ஊர் பற்றிய கூச்சமும் அதில் கலந்திருக்கும். எனக்கும் இருந்தது. சாலையில் எதிரே வருபவருக்கு முதலில் தெரிவது உங்கள் வண்டி. மலைச் சாலைகளில் என்னைப் பார்த்துக் கை தூக்கியவர்கள் எல்லா வகை மனிதர்களும்தான். நான் முதலில் தூக்கியபோது தூக்கியவர்களும் அப்படியே.

கையை எப்படித் தூக்குவது

இங்கே வண்டி இடப்பக்க ஸ்டீயரிங். கியர் வண்டி என்றால் வலது கைக்கு வேலை இருக்கும், இடது கைதான் ஜன்னல் பக்கம், எதிரே வருபவருக்கும் அதுதான் அருகில். ஆகவே இடது கை. அதற்கு முன் வலது கை ஸ்டீயரிங்கில் உறுதியாக இருக்க வேண்டும். கியர் தண்டில் ஒரு கை, காற்றில் ஒரு கை, ஸ்டீயரிங்கில் யாரும் இல்லை என்ற நிலை ஒரு விநாடிக்குக்கூட வரக்கூடாது. மூன்றாவது கியருக்கு மாற்ற வேண்டிய நேரத்தில் எதிரே மியாட்டா வந்தால், கியர் காத்திருக்கட்டும் அல்லது கை காத்திருக்கட்டும்.

கூரை மூடியிருந்தால் எளிய முறை: உள்ளங்கை ஸ்டீயரிங்கை விடாமல், மேலே பிடித்திருக்கும் கையின் நான்கு விரலை மட்டும் தூக்குங்கள். நம் ஊர் அரசுப் பேருந்து ஓட்டுநர்கள் எதிரே வரும் பேருந்துக்குக் காட்டுவார்களே, அதே கை. சின்ன வயதில் முன் சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தவர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. ஜன்னலில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தாலும் முன் கண்ணாடி வழியாக இது தெரியும்.

கூரை திறந்திருந்தால் இடது கையை முன் கண்ணாடிச் சட்டத்துக்கு மேலே, விரல் விரித்து, ஒரு தடவை தூக்கி இறக்குங்கள். இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டாம். அது பிளாட்பாரத்தில் டாட்டா காட்டுவது போல ஆகிவிடும், நேரமும் இல்லை. கையைப் பக்கவாட்டில் வெளியே நீட்டவும் கூடாது. இது விளையாட்டில்லை. இங்கே இடது கையை நேராக வெளியே நீட்டினால் இடப்பக்கம் திரும்பப் போகிறேன் என்று பொருள்; முழங்கையை மடித்து மேலே காட்டினால் வலப்பக்கம்; கீழே தொங்கவிட்டால் நிறுத்தப் போகிறேன். மூன்றும் சட்டப்படியான சைகைகள். பின்னால் வருபவர் அப்படி எடுத்துக்கொண்டு உங்களை முந்தப் பார்த்தால் என்ன ஆகும்? அதனால் கை வண்டியின் அகலத்துக்குள்ளேயே, தலைக்கு நேரே உயரட்டும்.

லைட் அடிக்கலாமா?

ஊரில் ஓட்டிப் பழகியவர்கள் இந்தப் பகுதியை நிதானமாகப் படியுங்கள். நம் ஊரில் எதிரே வருபவர் லைட் அடித்தால் "நான் வருகிறேன், நீ நில்" என்று அர்த்தம். இங்கே சந்திப்பில் லைட் அடித்தால் பெரும்பாலும் "நீங்கள் போங்கள், நான் நிற்கிறேன்" என்று அர்த்தம். நேர் எதிர். நெடுஞ்சாலையில் எதிரே வருபவர் அடித்தால் முன்னே போலீஸ் நிற்கிறது என்றோ, உங்கள் ஹைபீமைத் தணியுங்கள் என்றோ எடுத்துக்கொள்வார்கள். இத்தனை அர்த்தத்துக்கு நடுவில் வணக்கம் சொல்ல அதைப் பயன்படுத்தினால் தப்பாகப் புரியும். இரவில் வேண்டவே வேண்டாம். பல மாநிலங்களில் எதிரே வண்டி 500 அடிக்குள் வந்தால் ஹைபீமை இறக்கியாக வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. பழைய போர்ஷேக்காரர்கள் தங்களுக்குள் லைட் அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் வழக்கம் அவர்களோடு இருக்கட்டும்.

முதல் தலைமுறை மியாட்டாவுக்கு மட்டும் ஒரு சலுகை உண்டு. டாஷ்போர்டு நடுவில், ஹஸார்டு சுவிட்சுக்குப் பக்கத்தில், லைட்டை எரிய விடாமல் மேலே தூக்க மட்டும் ஒரு பொத்தான் இருக்கிறது. எதிரே இன்னொரு முதல் தலைமுறை வண்டி வரும்போது அதை அழுத்தினால் கண் திறந்த மாதிரி இரண்டும் மேலெழும். அவரும் பதிலுக்குத் தூக்கினால் அன்றைய நாளே தனி. மோட்டார் லைட்டை மேலே தூக்க ஒரு நொடி எடுக்கும் என்பதால் நீண்ட நேர் சாலையில்தான் இது சரிவரும்.

எங்கே, எப்போது

இரு பக்கமும் ஒரே சாலையில் போகும் இரண்டு வழிப் பாதைதான் இதற்கு உரிய இடம். நடுவில் புல்வெளியும் தடுப்பும் வைத்த இன்டர்ஸ்டேட்டில் காட்டத் தேவையில்லை, யாரும் எதிர்பார்ப்பதும் இல்லை. பழகுவதற்கு புளூ ரிட்ஜ் பார்க்வேயை விட நல்ல இடம் எனக்குத் தெரியாது. வர்ஜீனியாவில் தொடங்கி ஸ்மோக்கி மலை வரை 469 மைல். லாரி கிடையாது, வேகம் பெரும்பாலும் 45 மைலுக்குள், எதிரே வருபவரின் முகம் தெரியும். 2024-இல் ஹெலீன் புயலில் பல பகுதிகள் சேதமானதால், கிளம்பும் முன் எந்தப் பகுதி திறந்திருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அக்டோபர் மாதம், இலை நிறம் மாறும் நேரத்தில், ஒரு காலைப் பொழுதில் எண்ணி இருபது மியாட்டாவுக்குக் கை காட்டியிருக்கிறேன்.

டென்னஸி எல்லையில் யு.எஸ். 129 சாலையில் டிராகன் வால் என்று ஒரு பகுதி இருக்கிறது. 11 மைலில் 318 வளைவு. ஸ்போர்ட்ஸ் கார் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு நாள் அங்கே போவார்கள், நீங்களும் போவீர்கள். அங்கே கை காட்டாதீர்கள். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்தது தொடங்குகிறது, இரண்டு கைக்கும் வேலை இருக்கிறது, எதிரே பைக்குகள் நடுக்கோட்டை ஒட்டிச் சாய்ந்து வரும். அந்தச் சாலை முனையில் உள்ள டீல்ஸ் கேப் என்ற இடத்தில், விபத்தில் விழுந்த பைக்குகளின் உடைந்த பாகங்களை ஒரு மரத்தில் தொங்க விட்டிருப்பார்கள். சாலைக்குள் நுழையும் முன் அதை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். அங்கே கைக்கு ஒரே ஒரு வேலை: பின்னால் வேகமாக வருபவருக்கு நீங்கள் ஓரம் ஒதுங்கி வழிவிட்டால் அவர் போகும்போது நன்றி காட்டுவார், நீங்களும் விரல் தூக்கலாம்.

வேறு எங்கே கூடாது என்றால், முக்கியமாக நான்கு பக்கமும் ஸ்டாப் போர்டு வைத்த சந்திப்பு. அங்கே கை தூக்கினால் "நீங்கள் முதலில் போங்கள்" என்று அர்த்தம். எதிரே மியாட்டா நிற்கிறதே என்று ஆசையாகக் கை தூக்குவீர்கள். அதைப் பார்த்துப் பக்கவாட்டில் நிற்பவர் வண்டியை எடுத்துவிடுவார். அங்கே தலையை மட்டும் அசையுங்கள். பள்ளிக்கூட வாசல், மழை, நடந்து போகிறவர்கள் சாலை கடக்கும் இடம் எல்லாவற்றிலும் கை ஸ்டீயரிங்கிலேயே இருக்கட்டும்.

பக்கத்தில் ஆள் இருந்தால் இந்த வேலையை அவரிடம் ஒப்படைத்துவிடலாம். ஆரம்பத்தில் என் மனைவி கேட்டாள், "யாருங்க அது, தெரிஞ்சவங்களா?" தெரியாது என்றேன். "அப்புறம் எதுக்குக் கை காட்டினீங்க?" விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த வண்டி வந்தது, ஒரு வயதான அம்மா தனியாக, தலையில் துணி கட்டிக்கொண்டு, சிரித்தபடி கையை உயரத் தூக்கினார். மனைவியின் கை தானாகவே எழுந்தது. அப்போதிலிருந்து எங்கள் வண்டியில் அது அவள் பொறுப்பு. என்னைவிட முந்திப் பார்த்துவிடுகிறாள்.

பதில் வராவிட்டால்

வராது, நிறைய நேரம் வராது. அவர் கியர் மாற்றிக்கொண்டிருக்கலாம், வெயில் கண்ணில் அடிக்கலாம், நேற்றுதான் வண்டி வாங்கியிருக்கலாம், என் நண்பரைப் போல டயரைப் பற்றிக் கவலைப்பட்டுக்கொண்டிருக்கலாம். ஹாரன் அடிக்க வேண்டாம், முறைக்க வேண்டாம். உங்களுக்கு ஒருவர் காட்டி நீங்கள் தவறவிட்டாலும் மனதில் போட்டுக்கொள்ள வேண்டாம், அடுத்தவருக்குக் காட்டிவிடுங்கள்.

இப்போது முதலில் சொன்னதற்கு வருகிறேன். இரண்டு வருடத்துக்கு முன் கிராண்ட்ஃபாதர் மலைக்குப் பக்கத்தில் பார்க்வேயில் என் பின் டயர் பஞ்சர். ஆணி. ஓரத்துப் பார்வையிடத்தில் நிறுத்தி, டிக்கியிலிருந்து ஸ்டெப்னியையும் ஜாக்கியையும் எடுத்தேன். சக்கரத்துக்கு நான்கே நட்டு. முதல் மூன்று இளகின. நான்காவது அசையவில்லை. டயர் மாற்றிக் கொடுத்த இடத்தில் மெஷினால் முறுக்கி விட்டிருக்கிறார்கள். வண்டியோடு வந்த குட்டி ஸ்பேனரில் ஏறி நின்றும் பார்த்தேன். அந்த நேரம் பச்சை எம்.ஜி.பி. ஒன்று கடந்து போனது. உள்ளே வயதான தம்பதி. அந்த அம்மா கை தூக்கினார், நான் குந்திய இடத்திலிருந்தே ஸ்பேனர் பிடித்த கையைத் தூக்கினேன். போய்விட்டார்கள். ஐந்து நிமிடத்தில் அதே பச்சை வண்டி எதிர்த்திசையிலிருந்து திரும்பி வந்தது. பெரியவர் இறங்கி, ஒன்றும் கேட்காமல், இருக்கைக்குப் பின்னாலிருந்து இரண்டடி நீள இரும்புக் குழாயை எடுத்து என் ஸ்பேனர் பிடியில் செருகினார். ஒரே அழுத்து. 'டக்' என்று இளகியது. திரும்ப முடுக்கும்போது குழாயைக் கழற்றிவிட்டுக் கையாலேயே முடுக்கச் சொன்னார். அதற்கு மேல் பேசிய பேச்சு என் வண்டியின் வருடம், அவர் வண்டியின் வருடம் மட்டும்தான்.

ஆகவே கை காட்டத் தொடங்கும் முன் டிக்கியில் இவற்றை வையுங்கள்: 21 மி.மீ. சாக்கெட், அதற்கு நீளமான கைப்பிடி, டார்ச், ஒரு ஜோடி கையுறை, இரண்டு பாட்டில் தண்ணீர். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் வேறு ஒருவருக்குத் தேவைப்படும். ஓரத்தில் போனட் திறந்து நிற்கும் வண்டியைப் பார்த்தால் வேகத்தைக் குறைத்துக் கட்டை விரலை உயர்த்திக் காட்டுங்கள், "எல்லாம் சரியா?" என்ற கேள்வி அது. அவரும் கட்டை விரல் உயர்த்தினால் போய்க்கொண்டே இருக்கலாம். வேறு எது காட்டினாலும் அடுத்த பாதுகாப்பான இடத்தில் திருப்புங்கள். நீங்கள் படம் எடுக்கத்தான் நிறுத்தியிருக்கிறீர்கள் என்றால், கடந்து போகிற ஒவ்வொரு சின்ன வண்டிக்கும் அந்தக் கட்டை விரலை நன்றாகத் தெரியும்படி காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் யாராவது திரும்பி வந்துவிடுவார்கள்.